கரண்ட் வந்ததும் ஒரே கட்டளை

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வந்து தங்குபவர்கள் ஏராளம். அதனால் வேலூரில் ஒரு லாட்ஜுக்கு ரூம் புக்கிங் தளம் செய்து தருவதென்றால், தமிழ், ஆங்கிலத்தோடு வங்காளமும் இந்தியும் கேட்பார்கள். வெளியிலிருந்து பார்க்கச் சின்ன வேலை. ஆனால் அதை லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்க போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ், வேலை வரிசையை வைத்திருக்கும் ரெடிஸ், நோட்டில் எழுதிய ஏபிஐ (பின்பக்க சர்வர்), எஸ்எம்எஸ் அனுப்பும் வொர்க்கர், முன்பக்கத்துக்கு வீட் டெவ் சர்வர் என ஐந்தும் எழுந்து நிற்க வேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் கம்பெனிகளுக்குச் செய்யும் ஸ்டாக் மென்பொருளும் பெரும்பாலும் இதே கட்டமைப்புதான்.

ஐந்து டெர்மினல் திறந்து ஐந்து கட்டளை அடிப்பதற்குப் பதில் எல்லாவற்றையும் ஒரு பாஷ் ஸ்கிரிப்டில் அடுக்கி, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் பின்னணியில் ஓட்டச் சொல்லும் ‘&’ போட்டுவிட்டால் முடிந்தது என்று தோன்றும். நல்ல நாளில் அது ஓடவும் ஓடும். ஆனால் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முடிந்து மாலையில் கரண்ட் வந்ததும் ஓட்டிப் பாருங்கள். அல்லது வெள்ளிக்கிழமை சென்னையில் மூடிய லேப்டாப்பைச் சனிக்கிழமை காட்பாடியில் திறந்து ஓட்டிப் பாருங்கள். நேற்றைய நோட் ஒன்று போர்ட்டை (சர்வர் இணைப்புகளைக் கேட்கும் எண்ணை) பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்; டேட்டாபேஸ் இன்னும் மீட்புப் பணியில் இருக்கும்; ஏபிஐ எழுந்து, இணைப்பு கிடைக்காமல் விழுந்திருக்கும். ஸ்கிரிப்ட் எழுத வேண்டியது இந்த நாளுக்காகத்தான். எந்த அரைகுறை நிலையில் ஓட்டினாலும், அடுத்தடுத்து இரண்டு முறை ஓட்டினாலும், முடிவு ஒன்றாக இருக்க வேண்டும். முடியாவிட்டால், எதனால் என்று ஒரு வரி சொல்லிவிட்டு நிற்க வேண்டும். தட்டச்சு மிச்சமாவது உபரி லாபம்.

ஆரம்ப வரிகள்

முதல் வரியில் பாஷின் நேரடிப் பாதையை எழுதாமல் ‘என்வ்’ வழியாகக் கூப்பிடுங்கள். அடுத்து ‘செட்’ கட்டளையில் ‘இ’, ‘யு’, ‘பைப்ஃபெயில்’ மூன்றையும் போடுங்கள்: ஒரு கட்டளை தோற்றால் ஸ்கிரிப்ட் நிற்கும், மதிப்பில்லாத மாறியைத் தொட்டால் நிற்கும், பைப்பின் நடுவில் தோற்றதும் மறையாது. மூன்றாவதாக, ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டருக்கு ‘சிடி’ செய்துகொள்ளுங்கள். எந்த ஃபோல்டரிலிருந்து ஓட்டினாலும் வேலை செய்ய இது போதும்.

மாறிகளை எங்கே பயன்படுத்தினாலும் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். நம் ஊரில் இதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. பெயரோடு இனிஷியல் சேர்த்து, நடுவில் இடைவெளி விட்டு விண்டோஸ் பயனர் பெயர் வைத்திருப்பவர்கள் மிக அதிகம். மேற்கோள் இல்லாவிட்டால் பாஷ் அந்தப் பாதையை இரண்டு துண்டாக உடைத்துவிடும். எழுதியவரின் மெஷினில் ஓடிய ஸ்கிரிப்ட், புதிதாகச் சேர்ந்தவரின் மெஷினில் ‘அப்படி ஒரு ஃபோல்டர் இல்லை’ என்று சொல்வது பெரும்பாலும் இதனால்தான்.

விண்டோஸில் எழுதிய ஸ்கிரிப்டை டபிள்யூஎஸ்எல்லில் (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ்) ஓட்டும்போது ‘பாஷ்\ஆர்’ என்ற கோப்பு இல்லை என்று பிழை வரும். கோப்பு இருக்கிறது, பாஷும் இருக்கிறது. வரி முடிவில் விண்டோஸ் சேர்த்த கண்ணுக்குத் தெரியாத எழுத்துதான் வில்லன். ஒவ்வொருவரையும் எடிட்டர் அமைப்பை மாற்றச் சொல்லிப் பயனில்லை. ‘கிட்-ஆட்ரிபியூட்ஸ்’ கோப்பில் ஸ்கிரிப்ட் கோப்புகளுக்கு வரி முடிவு எப்போதும் ‘எல்எஃப்’ என்று ஒரு வரி எழுதினால் எல்லோருக்கும் சேர்த்துத் தீர்ந்துவிடும். பாஸ்வேர்டுகளும் சாவிகளும் இருக்கும் ‘என்வ்’ கோப்புக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, ஏனென்றால் அது கிட்டுக்குள் போவதில்லை. பாஸ்வேர்டின் வாலில் அதே எழுத்து ஒட்டிக்கொண்டால், கண்ணுக்குச் சரியாகத் தெரியும் பாஸ்வேர்டை டேட்டாபேஸ் மறுக்கும். ஸ்கிரிப்ட் ‘என்வ்’ கோப்பைப் படிக்கும் முன் அந்த எழுத்து இருக்கிறதா என்று ‘கிரெப்’ கட்டளையால் தேடிச் சொல்லிவிடட்டும்.

நோட் பதிப்பை மாற்றித் தரும் என்விஎம் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. அது தனி நிரல் அல்ல, ஷெல்லுக்குள் ஏற்றப்படும் ஃபங்ஷன். ஸ்கிரிப்ட் ஓடும் ஷெல் ‘பாஷ்ஆர்சி’ கோப்பைப் படிப்பதே இல்லை; உபுண்டுவில் அதை நாமே ‘சோர்ஸ்’ செய்தாலும் ஆரம்பத்திலேயே திரும்பிவிடும். எனவே டெர்மினலில் வேலை செய்யும் ‘என்விஎம் யூஸ்’, ஸ்கிரிப்டுக்குள் ‘கட்டளை இல்லை’ என்று வரும். என்விஎம்-இன் ஸ்கிரிப்ட் கோப்பை நேரடியாக ‘சோர்ஸ்’ செய்துவிட்டு, பிறகு கூப்பிடுங்கள்.

எதையும் தொடங்கும் முன்

போஸ்ட்கிரஸையும் ரெடிஸையும் தனித்தனிக் கண்டெய்னரில் ஓட்டும் டாக்கர் ஓடுகிறதா என்பதை ‘டாக்கர் இன்ஃபோ’வின் வெளியேறு குறியீட்டை வைத்துப் பாருங்கள். மாதிரி ‘என்வ்’ கோப்பில் இருந்து உண்மையான ‘என்வ்’ கோப்பில் இல்லாத பெயர்களைப் பட்டியலிட்டு நிறுத்துங்கள். யாரோ புதிதாக ஒரு சாவியைச் சேர்த்துவிட்டு குழுவுக்குச் சொல்ல மறப்பது வாரம்தோறும் நடப்பது. ஏபிஐக்குள் நாற்பது வரிப் பிழையாக வெடிப்பதைவிட இங்கே ஒரு வரியாக வருவது மேல்.

கட்டாயம் வேண்டிய காவல் இரண்டு. டேட்டாபேஸ் முகவரியில் உள்ள ஹோஸ்ட் 127.0.0.1 அல்லது லோக்கல்ஹோஸ்ட் ஆக இல்லாவிட்டால் ஸ்கிரிப்ட் ஓட மறுக்க வேண்டும். ஏதோ பிழையைத் தேட நிஜ சர்வரின் முகவரியை ‘என்வ்’ கோப்பில் ஒட்டிவிட்டு மறந்திருப்பார்கள். அடுத்த நாள் காலை மைக்ரேஷன் (டேட்டாபேஸின் டேபிள் அமைப்பை மாற்றும் வேலை) நேராக அங்கே போய் ஓடும். இரண்டாவது, எஸ்எம்எஸ் வொர்க்கர். லோக்கலில் அது உண்மையான சாவியோடு எழுந்தால், சோதனைக்குப் போட்ட புக்கிங்குக்கெல்லாம் நிஜ நோயாளிகளின் உறவினர்களுக்குச் செய்தி போய்விடும். அனுப்பும் முறை ‘போலி’ என்று இல்லாவிட்டால் வொர்க்கரைத் தொடங்கவே கூடாது. இந்த இரண்டுக்கும் ‘பரவாயில்லை, தொடரவா?’ என்ற கேள்வியை வைக்காதீர்கள். அவசரத்தில் எல்லோரும் ‘ஒய்’ அடிப்பார்கள்.

காத்திருப்பது

பெரும்பாலான ஸ்கிரிப்ட்கள் தோற்பது இங்கேதான். டேட்டாபேஸைத் தொடங்கிவிட்டு ‘ஸ்லீப் 10’ போடுவார்கள். ஏசி அறையில் சும்மா இருந்த லேப்டாப்புக்கு 10 விநாடி அதிகம். மே மாத வேலூர் வெயிலில் சூடாகி வேகம் குறைந்த லேப்டாப்புக்கு, அதுவும் திடீரென நின்ற டேட்டாபேஸ் தன் பதிவேட்டை ஓட்டி மீண்டுகொண்டிருக்கும்போது, 10 போதாது. அடுப்பை மூட்டியதும் சோறு வெந்துவிட்டதாகக் கணக்கெழுத முடியாது. வெந்ததா என்று பதம் பார்க்க வேண்டும்.

எந்தெந்தக் கண்டெய்னர் எழ வேண்டும் என்று டாக்கருக்குச் சொல்லும் கம்போஸ் கோப்பில் ‘டிபெண்ட்ஸ் ஆன்’ என்று சேவையின் பெயரை மட்டும் எழுதினால், அந்தக் கண்டெய்னர் தொடங்கிவிட்டதா என்றுதான் டாக்கர் பார்க்கும், இணைப்பை ஏற்கத் தயாரா என்று பார்க்காது. நீள வடிவத்தில் ‘கண்டிஷன்: சர்வீஸ் ஹெல்த்தி’ என்று எழுதி, போஸ்ட்கிரஸுக்கு ஒரு ‘ஹெல்த்செக்’ கொடுக்க வேண்டும். சோதனைக் கட்டளை ‘பிஜி-இஸ்ரெடி’. அது 0 திருப்பினால் தயார், 1 என்றால் எழுந்திருக்கிறது ஆனால் இணைப்பை ஏற்கவில்லை, 2 என்றால் பதிலே இல்லை.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அதிகாரப்பூர்வ போஸ்ட்கிரஸ் இமேஜ் முதல் முறை ஓடும்போது, டேட்டாபேஸை உருவாக்குவதற்காக ஒரு தற்காலிக சர்வரை எழுப்பி, வேலை முடிந்ததும் நிறுத்தி, பிறகுதான் உண்மையான சர்வரை எழுப்புகிறது. அந்தத் தற்காலிக சர்வர் யுனிக்ஸ் சாக்கெட்டில் (நெட்வொர்க் இல்லாமல் உள்ளுக்குள் பேசும் வழி) மட்டும் கேட்கும். ‘பிஜி-இஸ்ரெடி’யை ஹோஸ்ட் கொடுக்காமல் ஓட்டினால் அது சாக்கெட் வழியே போய் ‘தயார்’ என்று சொல்லிவிடும், அடுத்த நொடி சர்வர் நிறுத்தப்படும், மைக்ரேஷன் அறுந்துபோகும். ஹோஸ்டாக 127.0.0.1 கொடுத்தால் தற்காலிக சர்வர் பதில் சொல்லாது, குழப்பமில்லை. புதிதாக குளோன் செய்தவரிடம் மட்டும் முதல் ஓட்டத்தில் தோற்று, இரண்டாவது ஓட்டத்தில் சரியாகிற விசித்திரத்துக்கு இது முக்கியக் காரணம். ‘இன்னொரு தடவை ஓட்டு, சரியாயிடும்’ என்ற பழக்கமும் இங்கிருந்துதான் பரவுகிறது.

இன்னொன்று: ஹெல்த்செக்கின் இடைவெளியைச் சொல்லாவிட்டால் 30 விநாடி. முதல் சோதனையே 30 விநாடி கழித்துத்தான் நடக்கும். இடைவெளி 2 விநாடி, முயற்சி 30 என்று வையுங்கள். பிறகு ஸ்கிரிப்டில் ‘டாக்கர் கம்போஸ் அப்’ கட்டளையோடு ‘வெயிட்’ தேர்வையும், அதிகபட்சக் காத்திருப்பு நேரத்தையும் கொடுங்கள். எல்லாம் தயாரான பிறகே அந்த வரி முடியும். தோற்றால் பூஜ்யமல்லாத குறியீடு வரும். ‘செட்’டின் ‘இ’ ஸ்கிரிப்டை நிறுத்தும். நிற்கும் முன் அந்தக் கண்டெய்னரின் கடைசி 20 வரி லாகைக் காட்டச் செய்தால் இன்னும் நல்லது.

மைக்ரேஷனை இந்த இடத்தில், ஸ்கிரிப்டே ஒரு முறை ஓட்டட்டும். ஏபிஐயும் வொர்க்கரும் ஆளுக்கொரு பக்கம் எழும்போதே மைக்ரேஷன் ஓட்டும்படி விட்டால், ஒன்றையொன்று பூட்டிக்கொண்டு நிற்கக்கூடும். மாதிரித் தரவு ஏற்றுவதைத் தொடக்க ஸ்கிரிப்டில் சேர்க்கவே வேண்டாம். அது தனிக் கட்டளையாக இருக்கட்டும்.

ஏபிஐ தயாரா என்பதற்கு, ஒரு முகவரியைக் கூப்பிட்டுப் பார்க்கும் ‘கர்ல்’ போதும்: ‘ஃபெயில்’, ‘சைலண்ட்’ தேர்வுகளோடு, ஒரு முயற்சிக்கு 2 விநாடி வரம்பு, நொடிக்கு ஒரு முறை, 30 முறை வரை. முகவரியில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதாமல் 127.0.0.1 என்றே எழுதுங்கள். ஏபிஐயைக் கூப்பிடும் நோட் நிரல்களிலும் அப்படியே: நோட் 17 முதல் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயருக்கு சிஸ்டம் எந்த முகவரியை முதலில் தருகிறதோ அதையே எடுக்கும். அது ஐபிவி6 ஆக இருந்து, சர்வர் ஐபிவி4-இல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் நோட் 20-க்கு முந்தைய பதிப்புகளில் இணைப்பு மறுக்கப்படும்.

போர்ட்டைப் பிடித்திருப்பது யார்

‘முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில்’ என்ற பிழை வந்தால், ‘எல்எஸ்ஓஎஃப்’ கொண்டு 3000 போர்ட்டைப் பிடித்திருக்கும் நிரல்களின் எண்களை எடுத்து அப்படியே ‘கில் -9’க்கு அனுப்பும் வரியைப் பலர் ஸ்கிரிப்டிலேயே வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் சர்வர் மட்டும் வராது. அந்தப் போர்ட்டோடு பேசிக்கொண்டிருக்கும் பிரவுசரும் வரும். திறந்து வைத்த டேப் எல்லாவற்றோடும் குரோம் சாகும். ‘லிசன்’ நிலையில் உள்ளவற்றை மட்டும் வடிகட்டும் தேர்வைச் சேர்த்தே தேட வேண்டும்.

வடிகட்டிய பிறகும் கண்ணை மூடிக்கொண்டு கொல்லக் கூடாது. லினக்ஸில் ‘ப்ராக்’ ஃபோல்டருக்குள் அந்த எண்ணின் ‘சிடபிள்யூடி’ இணைப்பைப் பார்த்தால், அது எந்த ஃபோல்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரியும். நம் புராஜெக்ட் ஃபோல்டர் என்றால் அது பழைய ஓட்டத்தின் மிச்சம். நிற்கச் சொல்லும் ‘டெர்ம்’ சிக்னலை அனுப்பி, 5 விநாடி பொறுத்து, அப்போதும் போகாவிட்டால் ‘கில்’. வேறு ஃபோல்டர் என்றால் பெயரையும் எண்ணையும் காட்டிவிட்டு நிறுத்துங்கள். பக்கத்துப் புராஜெக்டின் வேலையை நம் ஸ்கிரிப்ட் கொல்ல உரிமையில்லை.

5432 பிடிபட்டிருந்தால் பெரும்பாலும் இன்னொரு கண்டெய்னர்தான். ‘டாக்கர் பிஎஸ்’ கட்டளையில் ‘பப்ளிஷ்’ என்ற வடிகட்டியில் போர்ட் எண்ணைக் கொடுத்தால் எது என்று தெரிந்துவிடும். அதன் கம்போஸ் கோப்பைத் திறந்தால் ‘ரீஸ்டார்ட்: ஆல்வேஸ்’ என்று இருக்கும். நிஜ சர்வரின் கோப்பிலிருந்து நகலெடுத்ததன் விளைவு. கரண்ட் போய் மெஷின் மறுபடி எழும்போதெல்லாம் ஆறு மாதத்துக்கு முன் முடிந்த புராஜெக்டின் டேட்டாபேஸ் முதலில் எழுந்து போர்ட்டில் உட்கார்ந்துகொள்ளும். லோக்கல் கோப்புகளில் இந்த வரியையே எடுத்துவிடுங்கள்.

போர்ட் எழுதும்போது 127.0.0.1-ஐயும் முன்னால் சேர்த்து எழுதுங்கள். வெறும் எண்ணைக் கொடுத்தால் டாக்கர் எல்லா முகவரிகளிலும் திறந்துவிடும், லினக்ஸில் ‘யூஎஃப்டபிள்யூ’ ஃபயர்வாலின் தடையையும் தாண்டி. ஹாஸ்டல் வைஃபையில் இருப்பவரின் டேட்டாபேஸ் அந்த வைஃபை முழுவதற்கும் திறந்திருக்கத் தேவையில்லை.

வீட் வேறு மாதிரி தொல்லை தரும். 5173 பிடிபட்டிருந்தால் அது சத்தமில்லாமல் 5174-க்குப் போய்விடும். ஏபிஐ 5173-ஐ மட்டும் அனுமதித்திருக்கும். பிரவுசரில் ‘கார்ஸ்’ (அனுமதிக்காத முகவரியிலிருந்து வரும் அழைப்பு) பிழை வரும். இல்லாத ‘கார்ஸ்’ பிரச்சினையைத் தேடி அரை நாள் போகும். வீட் அமைப்பில் ‘ஸ்ட்ரிக்ட் போர்ட்’டை ‘ட்ரூ’ ஆக்கினால் அது நகராது, நேராகப் பிழை சொல்லும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு கோளாறு கம்போஸின் புராஜெக்ட் பெயர். நாம் சொல்லாவிட்டால் ஃபோல்டரின் பெயரே புராஜெக்டின் பெயராகும். இரண்டு வாடிக்கையாளர்களின் வேலையும் ‘பேக்எண்ட்’ என்ற பெயருள்ள ஃபோல்டரிலேயே இருந்தால், இரண்டும் ஒரே கண்டெய்னரையும் தரவு தங்கும் ஒரே வால்யூமையும் பங்குபோடும். லாட்ஜின் அறைப் பட்டியலோடு செருப்புக் கம்பெனியின் ஸ்டாக் டேபிள்களும் ஒரே டேட்டாபேஸில் இருப்பதைப் பார்க்கும்வரை யாருக்கும் உறைக்காது. கம்போஸ் கோப்பின் மேலே ‘நேம்’ வரி ஒன்று எழுதுங்கள்.

நிறுத்துவது

கன்ட்ரோல் சி அடித்ததும் எல்லாம் போக வேண்டும். பின்னணியில் ஓட்டிய என்பிஎம்-இன் (நோட் நிரல்களை நிறுவி ஓட்டும் கருவி) எண்ணை மட்டும் குறித்துவைத்துக் கொன்றால், அது பெற்ற நோட் உயிரோடு தங்கிவிடக்கூடும். மறுநாள் போர்ட்டைப் பிடித்திருப்பது அதுதான். சிக்னல் வந்தால் என்ன செய்வது என்று சொல்லும் ‘ட்ராப்’ கட்டளையில் ‘இன்ட்’, ‘டெர்ம்’, ‘ஹப்’, ‘எக்ஸிட்’ நான்குக்கும் ஒரே வேலையைக் கொடுங்கள்: முதலில் ‘டெர்ம்’ ட்ராப்பை நீக்கு, பிறகு ‘கில் 0’. பூஜ்யம் என்றால் இந்த ஸ்கிரிப்டின் குழுவிலுள்ள எல்லாமும். ட்ராப்பை முதலில் நீக்காவிட்டால் ஸ்கிரிப்ட் தனக்குத் தானே ‘டெர்ம்’ அனுப்பி, அதே ட்ராப்புக்குள் மறுபடி நுழையும்.

கடைசி வரியில் வெறும் ‘வெயிட்’ போடாமல் ‘வெயிட் -என்’ போடுங்கள். ஏபிஐ, வொர்க்கர், வீட் மூன்றில் எது முதலில் விழுந்தாலும் ஸ்கிரிப்ட் விழித்து மற்றவற்றையும் இறக்கிவிடும். வொர்க்கர் செத்தது தெரியாமல் ‘ஏன் எஸ்எம்எஸ் வரிசை நகரவில்லை’ என்று தேடும் வேலை மிச்சம். இதற்கு பாஷ் 4.3 வேண்டும், மேக்கோடு வருவது 3.2, அங்கே புதிய பாஷைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும்.

ஒரு டெர்மினலைப் பல பலகங்களாகப் பிரிக்கும் டிமக்ஸ் பழகியவர்கள் ஒவ்வொன்றையும் தனித் தனிப் பலகத்தில் ஓட்டலாம், லாக் கலக்காது. ‘ஹேஸ்-செஷன்’ கொண்டு முன்பே இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதோடு இணைந்தால் போதும். பழகாதவர்களுக்கு இது இன்னொரு பாடச் சுமை. குழுவில் பாதிப் பேருக்கு வெளியேறும் வழியே தெரியாது.

8 ஜிபி லேப்டாப்

பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் இருப்பது பெரும்பாலும் 8 ஜிபி விண்டோஸ் லேப்டாப். டபிள்யூஎஸ்எல் 2 இயல்பாக மொத்த நினைவகத்தில் பாதி வரை எடுக்கும். பயனர் ஃபோல்டரில் ‘டபிள்யூஎஸ்எல்-கான்ஃபிக்’ கோப்பில் நினைவகத்தை 3 ஜிபி என்று வரம்பிட்டு, ‘டபிள்யூஎஸ்எல் ஷட்டவுன்’ செய்து மறுபடி எழுப்புங்கள். கம்போஸில் ‘புரொஃபைல்’ வைத்து ரெடிஸையும், ஸ்கிரிப்டில் ஒரு நிபந்தனை வைத்து வொர்க்கரையும், முன்பக்கம் மட்டும் செய்பவருக்கு எழாதபடி பிரித்துவிடலாம்.

புராஜெக்டை சி டிரைவில் வைத்து லினக்ஸ் பக்கத்திலிருந்து ஓட்டாதீர்கள். வேகம் மிகவும் குறையும். அதோடு கோப்பு மாறியது என்ற செய்தி லினக்ஸுக்கு வராது, சேமித்தாலும் பக்கம் மாறாது. ஸ்கிரிப்ட் தன் பாதை, லினக்ஸ் பக்கத்தில் சி டிரைவ் தெரியும் ‘எம்என்டி’யில் தொடங்குகிறதா என்று பார்த்து எச்சரிக்கட்டும். லேப்டாப்பை மூடித் திறந்த பிறகு டபிள்யூஎஸ்எல்லின் கடிகாரம் பின்தங்கியிருப்பதும் உண்டு. லாகின் டோக்கன் ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று வந்தால் நிரலைத் தோண்டும் முன் ‘ஹெச்டபிள்யூக்ளாக் -எஸ்’ ஓட்டிப் பாருங்கள்.

ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்பவர்களுக்கு ஒவ்வொரு தொடக்கத்திலும் ‘என்பிஎம் சிஐ’ ஓட்டுவது அநியாயம். அது நோட்-மாட்யூல்ஸ் ஃபோல்டரை அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவும். ‘பேக்கேஜ்-லாக்’ கோப்பின் ‘ஷா256’ கையொப்பத்தை நோட்-மாட்யூல்ஸுக்குள் ஒரு சிறு கோப்பில் எழுதிவைத்து, அடுத்த முறை ஒப்பிட்டு, மாறியிருந்தால் மட்டும் நிறுவுங்கள். கையொப்பத்தை எழுதுவது நிறுவல் முடிந்த பிறகுதான். முன்பே எழுதிவிட்டு நடுவில் நெட் போனால், பாதி நிறுவியதை முழுதென்று ஸ்கிரிப்ட் நம்பிவிடும். ‘ப்ரிஃபர் ஆஃப்லைன்’ தேர்வைச் சேர்த்தால் முன்பு இறக்கியவற்றை மறுபடி இறக்காது.

இறக்கும் ஸ்கிரிப்டும் தொடக்க ஸ்கிரிப்டின் பக்கத்திலேயே இருக்கட்டும். யூபிஎஸ் கூவத் தொடங்கியதும் ஓட்டுவது அதைத்தான். அதில் ‘கம்போஸ் ஸ்டாப்’ போதும். ஒவ்வொரு கண்டெய்னருக்கும் இயல்பாக 10 விநாடி அவகாசம் கொடுத்து, அதற்குள் நிற்காததைக் கொன்றுவிடும். ‘கம்போஸ் டவுன்’ போட்டாலும் தரவு இருக்கும். ‘டவுன் -வி’ மட்டும் அந்தக் கோப்பில் எந்த வடிவத்திலும் இருக்கக் கூடாது. அது வால்யூமையும் சேர்த்து அழிக்கும். ‘என்வ்’ கோப்பில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றியும் பழையதையே கேட்கிறது என்றால், அந்த மதிப்பைப் போஸ்ட்கிரஸ் இமேஜ் காலி வால்யூமில் முதல் முறை மட்டும்தான் படிக்கும். அதற்காக ‘-வி’ அடித்து நாலு மொழியில் உட்கார்ந்து ஏற்றிய அறை விவரங்களை இழக்க வேண்டாம். போஸ்ட்கிரஸின் ‘பிஎஸ்க்யூஎல்’லுக்குள் போய் ‘ஆல்டர் யூசர்’ ஒரு வரி அடித்தால் ஆயிற்று.